ஆடி வாரத்தில் கேன் யாருக்கு?

எங்கள் தெருவுக்குக் கேன் தண்ணீர் போடும் நிறுவனத்துக்கு நான் தரும் மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரின் தரத்துக்கு ஐந்துக்கு நாலரை. வண்டி வரும் நேரத்துக்கு நான்கு. தட்டுப்பாடு வந்தபோது நடந்துகொண்ட விதத்துக்கு ஒன்று, அதுவும் டெம்போ ஓட்டும் தம்பியின் முகத்துக்காக. மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 'பரவாயில்லை' என்று வரும். அந்தச் சராசரியில் எனக்கு நம்பிக்கை இல்லை. தண்ணீர் விற்பவரைத் தாராளமாகக் கிடைக்கிற நாளில் எடை போட்டு என்ன ஆகப்போகிறது? கிடைக்காத வாரத்தில் யார் வாசலில் கேனை இறக்குகிறார், யார் வாசலைத் தாண்டிப் போகிறார் என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஊரில் இதே மாதிரி நடப்பவர்கள் பலர் இருக்கும்போது ஒருவரை மட்டும் சந்தியில் நிறுத்த மனம் வரவில்லை. சேலம் அம்மாபேட்டைக்காரர்கள் கேனின் நிறத்தைச் சொன்னாலே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் அதையும் சொல்லப்போவதில்லை.

மாலை ஐந்து மணிக்கு மேல் தட்டுவடை செட் கடை போடுகிறேன். சேலத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. முழுதாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துச் சாப்பிட நினைத்தால் சட்டை பாழ். இதில் அடுப்பைப் பார்ப்பது தட்டுவடை ஒன்றுதான். அதையும் நான் மொத்தமாக வாங்கிவிடுகிறேன். மற்றதெல்லாம் பச்சை. புதினாவும் மல்லியும் அலசுகிற தண்ணீர், சட்னி ஜாரில் ஊற்றுகிற தண்ணீர், எதுவும் கொதிப்பதில்லை. அதில் என்ன இருக்கிறதோ அது நேராக வாடிக்கையாளரின் வயிற்றுக்குள் போகிறது. ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டி உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கி, அந்தச் சான்றிதழை வண்டிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். தெருவில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் கேட்டுக்கொண்டு முதலில் என் வண்டிக்குத்தான் வருவார்கள். கேனைத் தேடிக்கொண்டு யாரும் போக மாட்டார்கள். அதனால் தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

குடியிருப்பது லைன் வீடு. எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு குழாய். முறை வைத்து வருகிற மாநகராட்சித் தண்ணீர் மேட்டூர் தண்ணீர். அதன் ருசியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். வீட்டுக்காரர் போட்டிருக்கும் போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். எத்தனை விசில் விட்டாலும் அதில் துவரம்பருப்பு வேகாது, கொட்டைக் கொட்டையாகக் கரண்டியில் தட்டுப்படும். துவைக்க, கழுவ, கழிப்பறைக்கு அது. குடிக்கவும் சமைக்கவும் சட்னிக்கும் மேட்டூர் தண்ணீர். அடுத்த முறை வரும்வரை குடமும் டிரம்மும் தாங்காதபோது கேன்.

உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் என்ன என்று கேட்பவர்கள் என் அத்தையைப் பார்க்க வேண்டும். அவர் பிறந்தது பென்னாகரம் பக்கம். முன்பற்களில் பழுப்புக் கோடுகள், உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். சிறு வயதில் குடித்த கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு என்று டாக்டர் சொன்னார். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத ஊரில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது நம் நாட்டுக் குடிநீர்த் தர அளவு. அதற்கு மேல் ஆண்டுக்கணக்கில் குடித்தால் பல்லையும் எலும்பையும் பிடிக்கும். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தொடங்கிவைத்தார்கள். அத்தையின் தம்பி பேரன்களுக்கு வெள்ளைப் பல். அத்தை அவர்களைப் பார்க்கப் போனால் வாயைத் திறந்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் மிட்டாய் கொடுப்பார்.

இனிக் கேனுக்கு வருகிறேன். 20 லிட்டர், 35 ரூபாய். மாடி ஏற்றினால் 5 கூடுதல். முன்பணம் 200. தொலைபேசியில் சொன்னால் மறுநாள் காலை பதினொரு மணிக்குள் வந்துவிடும், சொல்லி வைத்த மாதிரி.

கேன் வந்ததும் நான் செய்வது இது. மூடியின் மேல் பிளாஸ்டிக் உறை பிரியாமல் இருக்கிறதா, நிரப்பிய தேதி அச்சாகியிருக்கிறதா, கேன் குடிநீருக்கான ஐ.எஸ். 14543 என்ற தர எண்ணும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். பிறகு கைபேசி விளக்கைக் கேனின் அடிப்பக்கத்தில் வைத்து அடிப்பேன். அடியில் வளையம் வளையமாக இருக்கும் பள்ளத்தில்தான் பாசி முதலில் பிடிக்கும். நூல் மாதிரி பச்சையாகத் தெரியும். வெளிச்சம் பட்டால் மறைக்க முடியாது. இவர்கள் கேனில் அதைக் கண்டதில்லை. கீறல் விழுந்து வெளுத்துப்போன கேன் வருவதுண்டு. வேண்டாம் என்றால் முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுக்கிறார்கள். அரை மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் டெம்போ. மேலே தார்ப்பாய் கிடையாது. சித்திரை வெயிலில் தண்ணீரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வேகிறது, கேனைத் தொட்டால் சுடுகிறது. ஒரு தார்ப்பாய் என்ன விலை?

அக்கா மகன் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வந்து எல்லாவற்றிலும் முக்கிப் பார்த்தான். கேன் 50ஐ ஒட்டி, மேட்டூர் தண்ணீர் 250ஐ ஒட்டி, போர் 1,400ஐத் தாண்டி. உடனே லைன் முழுக்கக் கேன்தான் சுத்தம் என்று பேச்சு. அந்த மீட்டருக்குக் கரைந்திருக்கும் உப்புதான் தெரியும், கிருமி தெரியாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வீட்டுக் குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. அது காவல் இருக்கிற தண்ணீர். கேன் தண்ணீரைத் திறந்துவிட்டால் காவல் கிடையாது. டம்ளரை விட்டு மொண்டால் கையழுக்கு உள்ளே போய் நிம்மதியாகக் குடித்தனம் நடத்தும். கேனைக் கவிழ்க்கும் தாங்கியும் குழாயும் வாங்க முடியாதவர்கள் தயவுசெய்து சாய்த்து ஊற்றுங்கள், மொள்ளாதீர்கள்.

இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. 2024 ஆடி வந்தது.

ஜூலை முடிவில் மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. 93.47 டி.எம்.சி. நிரம்பி, 16 கண் மதகு வழியாக உபரி நீர் பாய்ந்ததைத் தொலைக்காட்சியில் நாள் முழுக்கக் காட்டினார்கள். பார்க்கவே ஊர்ப்பட்ட கூட்டம். அதே ஆடியில் எங்கள் தெருவில் யாரோ எதற்கோ தோண்டிய பள்ளத்தில் குடிநீர்க் குழாய் உடைந்து, முறை தள்ளித் தள்ளிப் போய், குழாயைத் திறந்தால் காற்று வந்தது. அணை நிரம்பினால் எங்கள் டிரம் நிரம்பிவிடும் என்று நினைப்பவர்கள் குழாயடியில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

சேலத்தில் ஆடி என்றால் சாதாரணம் இல்லை. கோட்டை மாரியம்மன் தொடங்கி ஊரில் இருக்கிற எல்லா மாரியம்மனுக்கும் பண்டிகை. குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை, அதாவது சாமி வேடக்காரர்கள் ஏறிவரும் அலங்கார வண்டிகளின் ஊர்வலம். வீட்டுக்கு வீடு விருந்தாளிகள், தெருவுக்குத் தெரு கூழ், அன்னதானம். எனக்கு ஆண்டிலேயே நல்ல வியாபாரம் அந்த வாரம்தான். தண்ணீர்க் கேனுக்கும் அதே வாரம்தான் கிராக்கி.

முதலில் 35 ரூபாய் 50 ஆனது. சரி, போகட்டும். பிறகு டெம்போ எங்கள் தெருவுக்குள் திரும்புவதையே நிறுத்தியது. முனையில் நின்று மறித்துக் கேட்டேன். தம்பி என் முகத்தைப் பார்க்காமல், "மாதப் பணம் கட்டின வீடுகளுக்குக் கொடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் இந்தத் தெரு, அக்கா. ஓனர் சொல்லிவிட்டார்" என்றான். டெம்போ நேராகப் போய் நின்றது முக்குக் கட்டடத்து அடுக்குமாடியில். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் ஏற்கெனவே நிரம்பிய கேன்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. அந்தக் கட்டடத்தின் சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், எங்கள் லைன் முழுவதும் ஒரு மாதம் வைத்துக் குடிக்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். குழாய் உடைந்தது அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அங்கிருந்துதான் எனக்குப் பாதி வாடிக்கையாளர்கள்.

மாதப் பணம் கட்ட எங்கள் லைனில் யாருக்கும் மனமில்லாமல் இல்லை. அன்றாடம் கூலி வாங்குகிறவர்கள், வாரச் சம்பளத் தறிக்காரர்கள், நான். 35 ரூபாயை அன்றன்று எடுத்து வைக்க முடியும். ஆயிரத்தை ஒன்றாம் தேதி மொத்தமாக எடுத்து வைக்க முடியாது. அதற்குப் பெயர் நம்பிக்கையில்லாத வாடிக்கையாளராம்.

மூன்றாவது வீட்டில் கைக்குழந்தை. பால் பவுடர் கரைக்கத் தண்ணீர் இல்லாமல் அந்தப் பெண் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். பழைய ஊரில், சாக்கடை ஓரத்துப் போரில் நைட்ரேட் இருக்க வாய்ப்பு அதிகம். லிட்டருக்கு 45 மில்லிகிராம் எல்லை. ஃபுளோரைடுக்கு உள்ள சலுகைகூட அதற்குக் கிடையாது. அதுவும் கொதித்தால் போகாது, பாதிப்பு முதலில் பச்சிளங்குழந்தைக்குத்தான். சட்னிக்கு வைத்திருந்த கடைசிக் கேனில் பாதி அவளுக்குப் போனது. மீதியில் கடை நடத்த முடியாது. சில மாலைகள் வண்டியை மூடித் துணி போர்த்தி நிறுத்திவிட்டேன். தெருவில் பண்டிகைக் கூட்டம் அலைமோத, 'இன்றைக்குச் செட் இல்லையா' என்று கேட்டுக்கொண்டே போனார்கள்.

இந்த ஊரில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு யார் எவ்வளவு கொடுக்கிறார் என்று ஒரு கணக்குப் போடுங்கள். லாரித் தண்ணீர் வாங்குகிற கட்டடத்துக்கு லிட்டர் கால் ரூபாய்கூட ஆகாது. குடிக்க அது உதவாது, இருந்தாலும் மற்ற எல்லாத் தேவையும் அதில் நடந்துவிடுவதால் குழாய்த் தண்ணீரைச் சமையலுக்கு மிச்சம் பிடிக்கலாம். கேனில் எங்களுக்கு லிட்டர் 1.75 ரூபாய்; பண்டிகை வாரத்தில் இரண்டரை. நாங்கள் ஏன் லாரி வாங்கக்கூடாது? லாரி எங்கள் சந்துக்குள் நுழையாது. நுழைந்தாலும் ஊற்ற எங்களிடம் இருப்பது வாசல் ஓரத்து டிரம், 200 லிட்டர். அதையும் மூடாமல் வைத்தால் கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வருவார்கள், இருந்தால் அபராதம். பார்க்கத்தான் வேண்டும், டெங்கு விளையாட்டில்லை. ஆனால் தண்ணீரைத் தேக்கி வைக்க இடம் உள்ளவர்களுக்கு ஊரில் தட்டுப்பாடே தெரிவதில்லை, இடம் இல்லாதவர்கள் ஒவ்வொரு லிட்டருக்கும் அவர்களைவிட அதிகம் கொடுத்துவிட்டு வரிசையிலும் கடைசியில் நிற்கிறோம்.

என் மாமனார் இருந்தபோது, சேலத்துக்குக் குடிநீர் பனமரத்துப்பட்டி ஏரியிலிருந்து வந்த காலத்தைப் பற்றிப் பேசுவார். அந்த ஏரி வறண்டு சீமைக் கருவேலம் மண்டியது. ஊர் மொத்தமும் மேட்டூர்க் குழாயை நம்பி இருக்கிறது. தொட்டில்பட்டி நீரேற்று நிலையத்தில் பராமரிப்பு வேலை என்று பேப்பரில் வந்தால் அன்று காலையிலேயே குடங்களை வரிசை கட்டிவிடுவோம்.

ஓனரைத் தொலைபேசியில் பிடித்துச் சண்டை போட்டேன். அவர் தரப்பையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இது மதிப்புரை ஆகாது. அவருடைய ஆலைக்குத் தண்ணீர் அவருடைய போரிலிருந்து வருகிறது. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுதான் வடிகட்ட முடியும் என்று இயந்திரத்துக்கு ஒரு எல்லை உண்டு. பண்டிகைக்கு ஆட்கள் லீவு. நிலத்தடி நீர் எடுக்கத் தடையில்லாச் சான்று வாங்கியிருக்கிறார். 2020 தொடக்கத்தில் சான்றில்லாத ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, கேன் தயாரிப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பட்ட பாட்டை நினைவுபடுத்தினார். இதெல்லாம் நியாயம்தான். "மாதப் பணம் வாங்கினவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் அம்மா" என்றார். "ஆளுக்கு ஒரு கேன் குறைத்தால் அவர்கள் யாரும் தாகத்தில் சாகப்போவதில்லை. ஒரு வீட்டுக்கு ஒன்று என்று எல்லாத் தெருவுக்கும் ஒரு சுற்று போங்கள், இரண்டாவது சுற்றில் யார் எத்தனை கேட்டாலும் கொடுங்கள்" என்றேன். "பார்க்கலாம்" என்றார். வியாபாரிகள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், நானும் வியாபாரி.

அந்த வாரத்தில் எங்களைக் காப்பாற்றியது நாணயம் போட்டால் தண்ணீர் வருகிற இயந்திரம். 5 ரூபாய்க்கு 10 லிட்டர். விலைக்கு முழு மதிப்பெண். மற்றபடி அதற்கும் குறைகள் உண்டு: நிழல் கிடையாது, கரண்ட் போனால் நின்றுவிடும், வடிகட்டியை எப்போது மாற்றினார்கள், தண்ணீரை எங்கே பரிசோதித்தார்கள் என்று ஒரு காகிதம்கூட ஒட்டவில்லை. அந்த ஒரு காகிதம் இல்லாததால்தான் சட்னிக்கு அதை நம்புவதில்லை. வீட்டில் காய்ச்சிக் குடிக்க வைத்துக்கொள்கிறேன். வண்டி இல்லாதவர்கள் 20 கிலோவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அத்தை மாதிரி மூட்டு பிடித்தவர்களுக்கு அந்த இயந்திரம் இருந்தும் இல்லை.

ஆனால் அங்கே நின்ற வரிசை என்னை ஆச்சரியப்படுத்தியது. டி.வி.எஸ். 50இல் ஐந்தாறு கேன்களைக் கட்டிக்கொண்டு வந்த ஒருவரை, பூ விற்கும் ஒரு பாட்டி தடுத்தார். "ஒன்று பிடி. பின்னால் போய் நில். மறுபடி உன் முறை வரும்போது இன்னொன்று பிடி" என்றார். அந்த ஆள் முறைத்தார், கத்தினார், நாணயம் என்னுடையது என்றார். வரிசை மொத்தமும் பாட்டியின் பக்கம் நின்றது. கடைசியில் அவரும் பின்னால் போனார். பொழுது சாய்வதற்குள் அவருடைய கேன்கள் எல்லாம் நிரம்பிவிட்டன, நேரம்தான் கூடுதல் ஆனது. குடத்தோடு வந்த ஒருவரும் வெறும் குடத்தோடு திரும்பவில்லை. ஓனர் 'பார்க்கலாம்' என்று தள்ளிவிட்ட ஏற்பாட்டைப் பாட்டி ஒரு சத்தத்தில் நடத்திக் காட்டிவிட்டார்.

இப்போதைய நிலவரம்: பண்டிகை முடிந்து சில மாதங்களில் ஓனர் டோக்கன் கொண்டுவந்தார். பத்து டோக்கன் 340 ரூபாய். மாதப் பணம் கட்ட முடியாதவர்கள் டோக்கன் வாங்கி வைத்திருந்தால் அவர்களும் முன்கூட்டிப் பணம் கட்டியவர்கள் கணக்கில் சேர்வார்கள் என்று தம்பி சொல்கிறான். லைனில் நாலைந்து பேர் சேர்ந்து டோக்கன் கட்டு ஒன்றை வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். நல்ல ஏற்பாடு. ஆனால் தட்டுப்பாட்டில் டோக்கன்காரருக்கு எந்த இடம் என்று அதில் எழுதவில்லை. பின்பக்கம் வெற்றாகத்தான் இருக்கிறது, 'ஒரு வீட்டுக்கு ஒரு கேன் உறுதி' என்று அச்சடிக்க இடம் தாராளமாக உண்டு. அச்சடித்தால் மேலே கொடுத்த அந்த ஒரு மதிப்பெண்ணை மூன்றாக மாற்றிக்கொள்கிறேன்.

புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு: தண்ணீர் நல்ல தண்ணீர், தைரியமாக வாங்கலாம். சம்ப் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல சேவை இந்தப் பக்கம் இல்லை. லைன் வீட்டுக்காரர்கள் இவர்களை மட்டும் நம்பி இருக்காதீர்கள், பக்கத்தில் நாணய இயந்திரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்துக்கு ரசீது தர மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். கேனைத் திருப்பிக் கொடுக்கும்போது கீறல் இருக்கிறது என்று 50 ரூபாய் பிடிக்கிறார்கள். வாங்குகிற அன்றே கேனை நான்கு பக்கமும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிடிக்க மாட்டார்கள்.